ஐந்து மணிக் காய்ச்சல்

இவள் இன்னும் அழவில்லை. தம்பி போய் இருபத்தைந்து நாள் ஆகிறது, இன்னும் அழவில்லை. அழுகிறவர்கள் எதிரே உட்கார்ந்தால் என் வேலை சுலபம். ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கோப்பின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிற இந்தப் பெண்ணுக்கு நான் எதை நகர்த்தி வைப்பது? இவளுக்குத் துப்பறிகிறவள் தேவையில்லை. யார் மேல் பழி என்று முடிவு செய்துகொண்டுதான் படி ஏறியிருக்கிறாள். என்னிடம் கேட்க வந்திருப்பது ஒரு கையெழுத்து.

இவ்வளவையும் நினைத்துவிட்டு வாய்விட்டு, "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சொன்னாள். வயது ஐம்பது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறைய வைத்த மீனும் பட்டாணியும் அடுக்கி வைக்கிற ஒரு குளிர் கிடங்கில் இருபத்தாறு வருடமாகப் பெட்டி சரிபார்க்கும் வேலை. அம்மா போனபோது தம்பிக்கு நான்கு வயது; அவனை வளர்த்து, படிக்க வைத்து, படிப்பு ஏறாததால் தன் கிடங்கிலேயே சேர்த்துவிட்டவளும் இவள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டி பிரிக்கிற கத்தி அவன் கட்டைவிரலடியில் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தான். பத்து நாளில் குளிர் ஜுரம், முதுகு வலி. ரத்தத்தில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை இருந்ததாம்.

பிரேதப் பரிசோதனைத் தாளை என் பக்கம் தள்ளினாள். கிருமி இதயத்தின் சுவருக்குள் போய்ச் சீழ்க்கட்டி வைத்திருக்கிறது. கட்டி இருந்த இடத்தில் சுவர் நைந்து கிழிந்திருக்கிறது. மிக அரிதான சிக்கல் என்று கீழே எழுதியிருந்தது.

"சுவர் இடிஞ்சு விழ இதயம் என்ன பழைய வீடாங்க?" என்று கேட்டாள். கேள்விக்குப் பதில் தேவை இல்லை என்பதுபோல் உடனே அடுத்த இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

ஜன்னலோரத்தில் சுருக்கு தும்மினார். சுருக்கு என் உதவியாளர். முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்ததால் அந்தப் பெயர். உண்மைப் பெயரை அவரே மறந்துவிட்டதாகச் சொல்லுவார். எல்லோரும் சொன்னதை முப்பது வருடம் எழுதினேன், நான் சொல்வதை எழுத ஒருத்தரும் வரவில்லை, அதனால்தான் ஓய்வு பெற்றதும் உங்களிடம் வந்து பேசிக்கொண்டே இருக்கிறேன் என்பது அவர் வாதம். அன்றைக்கு அவருக்குக் கடுமையான ஜலதோஷம். அதனால் பேச்சு கொஞ்சம் குறைந்திருந்தது.

முதல் தாள் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் அட்டை, நகல். இரண்டாவது, வார்டு வாசலில் இருக்கும் பார்வையாளர் ரிஜிஸ்டரைப் பார்த்து அவளே கையால் எழுதிக்கொண்டு வந்த பட்டியல்: தேதி, வந்தவர் பெயர். பார்வை நேரம் நான்கிலிருந்து ஆறு. ஒரு நாளைக்கு ஒரே ஒருவர்தான் உள்ளே போகலாம். காய்ச்சல் ஏறினால் மாலையில்தான் ஏறும்; ஐந்து மணிக்கு நர்ஸ் தெர்மாமீட்டர் வைப்பாள். தம்பியின் மனைவிக்குப் புதனும் ஞாயிறும்தான் வேலையிலிருந்து ஓய்வு. அந்த இரண்டு நாளும் அவள் போவாள். மற்ற நாட்களில் அக்கா.

அட்டையில் சிவப்பு மையால் நான்கு இடத்தில் கோடு போட்டிருந்தாள். ஞாயிறு, புதன், ஞாயிறு, புதன். நான்கு மாலையும் காய்ச்சல் நூற்றிரண்டுக்கு மேல்.

"நான் போன நாளெல்லாம் தெர்மாமீட்டர் நல்லபடியா காட்டுச்சு. அவ போன நாளெல்லாம் கொதிச்சிருக்கு. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

தம்பி மனைவி எதையோ கலந்து கொடுத்திருக்கிறாள் என்பது அவள் முடிவு. காவல் நிலையத்தில் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்களாம். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. இப்போது இவள் வீட்டில். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் மனு போடப் போகிறாள், குழந்தையைத் தாயிடம் அனுப்பக்கூடாது என்று. மனுவோடு என் அறிக்கையும் போக வேண்டும்.

அன்று வியாழன். நான் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று, தம்பிக்கு நாற்பது வயதிலும் தலையைத் துவட்டத் தெரியாது, ஈரத்தோடேயே குளிர் அறைக்குள் போவான் என்று, வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"கேஸ் முடிஞ்சே வந்திருக்கு மேடம்," என்றார் சுருக்கு மூக்கைத் துடைத்தபடி. "தீர்ப்பு ரெடி. நாம விசாரணையைப் பண்ணிட்டாப் போதும்."

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று நாள் அவன் தீவிர சிகிச்சையில் இருந்தான், யாரையும் விடவில்லை. அதன் பிறகு பதினைந்து மாலைகள். கோடு போட்டவை நான்கு. ஆனால் காய்ச்சல் இருந்த மாலைகள் ஐந்து. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, நூற்றிரண்டு. அதன்மேல் கோடு இல்லை. அவளுடைய பட்டியலில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே அவள் பெயரேதான் இருந்தது.

அவள் அதைப் பார்க்காமல் இல்லை. சிவப்புப் பேனா அந்த இடத்தில் சற்றே தடுமாறி ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்திருந்தது. நமக்கு வேண்டாத ஒன்றை நாம் இப்படித்தான் கடந்து போகிறோம், ஒரு புள்ளி வைத்துவிட்டு.

*

இதய மருத்துவர் எங்களை நிற்க வைத்தே பேச ஆரம்பித்து, பாதியில் தானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைவிட வயதில் சின்னப் பெண்மணி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விரல் காயத்திலிருந்து கிருமி ரத்தத்துக்குப் போனது. ரத்தத்திலிருந்து இதயத்தின் வால்வுக்கு. மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் அதோடு அடங்கும். அடங்காமல் சுவருக்குள் புகுந்துவிட்டால் அது வெளியே தெரியாது. ஒரே ஒரு அறிகுறிதான் காட்டிக்கொடுக்கும்: மருந்து ஏறியும் காய்ச்சல் விடாது. விடவில்லை என்றால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரண்டாவது ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி தெரிந்தால் அறுவை.

"இவருக்கு விட்டுடுச்சு," என்றார். "வாரத்துல ரெண்டு நாள் தலை தூக்குச்சு. ஊசி போட்ட இடத்துல புண் ஆச்சான்னு பார்த்தோம், வேற மருந்தான்னு பார்த்தோம். ஸ்கேனுக்கு இவரைவிட மோசமானவங்க வரிசையில இருந்தாங்க. இவரை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்."

மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, மூடி போட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தார்.

"காய்ச்சல்தாங்க எங்களுக்குச் சாட்சி. அந்தச் சாட்சி மாத்திப் பேசிடுச்சு."

காய்ச்சலைத் தணிக்க ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். கூடவே கூடாது என்று கண்டிப்பாக எழுதி வைத்திருந்தேன் என்றார். காய்ச்சலை மூடினால் உள்ளே நடப்பது தெரியாது. தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். முன்கூட்டியே கண்டுபிடித்து மேஜையில் படுக்க வைத்தும் போனவர்கள் உண்டு, பிழைத்து இன்றைக்கும் மாதாமாதம் வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, இவன் எந்தப் பக்கம் என்று சொல்லுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்றார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார், யோக்கியதை என்று.

வார்டு வாசலில் அசல் ரிஜிஸ்டர் இருந்தது. அக்கா எழுதிக்கொள்ளாத ஒரு பத்தி அதில் இருந்தது: வந்த நேரம். சுருக்கு விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். எல்லா நாளும் அக்கா நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்திருக்கிறாள். கோடு போடாத அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஐந்து இருபது.

தெர்மாமீட்டர் வைத்தது ஐந்துக்கு.

"அப்ப அன்னைக்குக் காய்ச்சல் வந்தப்ப அவர் பக்கத்துல யாருமே இல்லை," என்றார் சுருக்கு. "தம்பி பெண்டாட்டி இல்லை, அக்கா இல்லை. யாரைக் கூண்டுல ஏத்தறது மேடம், தலைகாணியையா?"

நான் சிரிக்கவில்லை. இத்தனை நேரமும் நாங்கள் தப்பான முனையிலிருந்து பார்த்திருக்கிறோம். காய்ச்சலை யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கொண்டு வரவில்லை. அது அவனோடேயே இருந்தது, பதினைந்து மாலையும். பத்து மாலைகளில் ஒருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அக்கா ஐந்து மணிக்கு முன்னால் வந்த நாட்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். சுருக்கு எண்ணினார். ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினார்.

"பத்து," என்றார்.

எப்படி என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பதை நினைக்க அப்போது தைரியம் வரவில்லை. வார்டில் இருந்த வயதான நர்ஸ், அவனைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்து பிறகு வாடினாள். நல்ல பிள்ளை, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று நச்சரிப்பான், குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பார்க்காமல் தவிப்பான். தெர்மாமீட்டர் ஒழுங்காகக் காட்டினால் போகலாம் என்று அவன் வாயை அடைக்கச் சொல்லுவாளாம்.

"தெர்மாமீட்டர் காட்டினாப் போலாம்னுதான் சொன்னேன்," என்றாள் மறுபடியும். அதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று என் முகத்தைப் பார்த்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை குளிர் கிடங்குக்குப் போனோம். அந்த ஒரு வெள்ளிக்கிழமை அக்கா ஏன் தாமதமானாள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம். நீளமான தகரக் கட்டடம். வாசலில் கம்பிக் கதவு, பக்கத்தில் ஒரு காவலர். உள்ளே போகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே துப்பாக்கி போன்ற கருவியை நீட்டிக்கொண்டிருந்தார். தொற்றுக் காலத்தில் வந்த ஏற்பாடாம். தொற்று போய்விட்டது, கருவி போகவில்லை. சாப்பிடுகிற சாமான் என்பதால் காய்ச்சல்காரர்களை உள்ளே விடக்கூடாது.

எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது. சுருக்கு நெற்றியில் சிவப்பு எரிந்து ஒலி எழுப்பியது.

"நூறு புள்ளி எட்டு. நீங்க வெளிய இருங்க பெரியவரே," என்றார் காவலர்.

"முப்பது வருஷம் கோர்ட்டுக்குள்ள யாரும் என்னை வெளிய இருக்கச் சொன்னதில்லை," என்றார் சுருக்கு. "கொலைகாரனையே உள்ள விட்டாங்க."

ஆனாலும் உடம்பு நடுங்கத்தான் செய்தது. கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் அவருக்குத் துணையாக உட்கார்ந்தேன். அடுத்த ஷிஃப்டுக்காகக் காத்திருந்த ஒருத்தி, தடித்த குளிர்ச்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள், சுருக்கை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுசா?" என்று கேட்டாள். "கேட் மாத்திரை போடாம வந்துட்டீங்களா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, ஒன்றை மட்டும் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மூக்கைச் சிந்துகிற பிள்ளைக்குக் கைக்குட்டை கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், அப்போதுதான் கருவி பச்சை காட்டும் என்றாள். போடாமல் வந்து திரும்பிப் போனால் அன்றைய ஷிஃப்ட் போச்சு.

எல்லோரும் போடுவார்களா என்று கேட்டேன்.

"எல்லார் பையிலயும் இருக்கும். காய்ச்சல் இல்லாட்டியும் குளிர்ல நின்னு உடம்பு வலிக்குமில்ல. அக்கா ஒருத்தங்க இருக்காங்க, பெட்டி சரிபார்க்கறவங்க. யார் வெறுங்கையோட வந்தாலும் அவங்கதான் குடுப்பாங்க. தம்பி போனதுலேர்ந்து பாவம், யாரோடயும் பேசறதில்லை."

உடம்புக்குக் கெடுதல் இல்லையா, மருந்தாயிற்றே என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இது மருந்தில்லைங்க," என்றாள். "இது கேட்டுக்கு."

சுருக்கு உள்ளங்கையை மூடவில்லை. அந்த வெள்ளை மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்க வந்ததை நானே கேட்டேன். ஆமாம், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சரக்கு இருப்புப் பார்த்தார்கள், காலை ஷிஃப்டை நாலே முக்கால் வரைக்கும் விடவில்லை என்றாள். மணி அடித்தது. தேநீர்க் கோப்பையைப் பெஞ்சின் அடியில் வைத்துவிட்டு, நெற்றியை நீட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.



"தெரிஞ்சேவா மேடம்?" என்று கடைசியில் கேட்டார் சுருக்கு. கேலி எதுவும் அதில் இல்லை.

தெரிந்திருந்தால் அந்த இரண்டு தாளையும் என்னிடம் கொண்டு வந்திருப்பாளா? தன் கையாலேயே சிவப்புக் கோடு போட்டு? தெரிவது வேறு, தெரிந்ததைப் பார்ப்பது வேறு. தொற்றுக் காலத்திலிருந்து தினமும் கதவு தாண்டுவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது. செருப்பின் மண்ணைத் தட்டுவது போல. அதைக் காய்ச்சலோடும் மருத்துவரோடும் முடிச்சுப் போட அவள் மனதில் இடமே இல்லை. ஒரு நர்ஸ், தெர்மாமீட்டர் ஒழுங்காகக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கும் தம்பிக்கும் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு கதவு. அதற்கும் ஒரு காவலர். அந்தப் பக்கம் ஆறு வயதுக் குழந்தை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன் கெஞ்சினால், பையில் எப்போதும் இருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுக்க எத்தனை நொடி ஆகும்?

அவனுக்குக் காய்ச்சல் மிச்சம் மீதி கொஞ்சம் இருக்கிறது, அதை மறைத்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பாள். நாளுக்கு நாள் அவள் மறைத்தது ஒரு சுவர் நைந்துகொண்டிருப்பதை.

"இதைவிட அந்தப் பொண்ணு விஷம் வெச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும் போல," என்று முணுமுணுத்தார் சுருக்கு. அவரே அந்த வாக்கியத்தைக் கேட்டு வெட்கப்பட்டது தெரிந்தது.

*

தம்பியின் மனைவி ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. நாங்கள் போனபோது சக்கரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வில்லையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சுற்றினாள். முப்பது வயதுக்கு மேல் இராது. நாங்கள் யார் என்று சொன்னதும் சக்கரத்தை நிறுத்தவில்லை, தேய்த்து முடித்துவிட்டே நிறுத்தினாள். பாதியில் எடுத்தால் விளிம்பு பொரிந்துவிடும் என்று மன்னிப்புப் போலச் சொன்னாள்.

அண்ணி அனுப்பினார்களா என்று கேட்டாள். நாத்தனாரை அவள் அப்படித்தான் அழைத்தாள், எல்லாவற்றுக்கும் பிறகும். ஆமாம் என்றேன். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை என்றாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். உங்கள் பேரில் பழி இல்லை, அது நிரூபணமாகிவிட்டது என்று ஆரம்பித்து, மெதுவாக மற்றதைச் சொல்ல வேண்டும். புதன், ஞாயிறு, அந்த ஒரு வெள்ளி என்று தொடங்கினேன். அவள் இடையில் நிறுத்தினாள்.

"கேட் மாத்திரை," என்றாள்.

சுருக்கின் பென்சில் நின்றது.

அவள் மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். மூக்குத்தாங்கிகளும் சின்னத் திருகாணிகளும் போட்டு வைக்கிற தகர டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு மாத்திரைக்கு ஒன்றாகக் கிழித்து, அழுத்தி, சின்னதாக மடித்த வெற்று வெள்ளித் தாள்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில், சவரச் சாமான் பெட்டிக்குள் இருந்தனவாம். குப்பைக் கூடையில் போட்டால் நர்ஸ் பார்த்துவிடுவாள் என்று அவன் சேர்த்து வைத்திருக்கிறான். நான் எண்ண வேண்டிய அவசியம் இல்லை. எண்ணினேன். பத்து.

"காய்ச்சல் விட்ட மாதிரி இருந்துச்சே, எங்களுக்கும் புரியலன்னு டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். புரிஞ்சிடுச்சு."

அப்படியானால் இருபத்தைந்து நாளாக இவளுக்குத் தெரியும். கணவனின் துணிகளைத் துவைத்து மடித்த அன்றிலிருந்து. தெரு முழுக்க இவளைக் கொலைகாரி என்று அண்ணி சொல்லிக்கொண்டு நடந்தபோதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோதும், இந்தப் பொட்டலம் இந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கே என் குரல் கடுமையாகக் கேட்டது.

அவள் யோசித்துத்தான் பேசினாள். அண்ணிக்கு வேறு ஒன்றும் இல்லை என்றாள். சொந்த வீடு இல்லை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இவனை வளர்த்தேன் என்கிற ஒன்றுதான். காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொண்டுதான் அவர்கள் எழுந்திருக்கிறார்கள். அதையே நாம் பிடுங்கிக் கொண்டால் என்ன ஆகும்? கோபம் இருக்கிற வரைக்கும் அவர்கள் சாப்பிடுவார்கள், வேலைக்குப் போவார்கள், என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

"அவர் போனதுக்குப் பழி சொல்ல அவங்க என்னை வெச்சுக்கறாங்க. எனக்கு வெச்சுக்க யாரும் வேணாம். நான் சமாளிச்சுக்குவேன்."

இப்படி ஒரு நிதானத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதன் முன்னால் என் நிரூபணம், பத்து மாலை, ஐந்து இருபது என்கிற சாமர்த்தியமெல்லாம் விளையாட்டுச் சாமான் போல இருந்தன. ஒரு கணம், இவள் சொல்கிறபடியே செய்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. யாருக்கு நஷ்டம்? இறந்தவன் திரும்பி வரப் போவதில்லை. உண்மை என்பதற்காக ஒரு மனுஷியின் தலையில் அதைப் போடத்தான் வேண்டுமா?

குழந்தை என்ன ஆவாள் என்று கேட்டேன். திங்கட்கிழமை மனு போடப் போகிறார்களே.

அது எடுபடாது, வக்கீல் ஒருவரைக் கேட்டுவிட்டேன், ஆதாரம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள் என்றாள். நீங்கள் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மெல்ல மெல்லச் சரியாகும். குழந்தையும் அத்தையும் ஒட்டுதலாக இருக்கிறார்கள், தானும் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்றாள். போன ஞாயிறு போயிருந்தாளாம். குழந்தைக்கு லேசாகச் சளி. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியபோது குழந்தை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"தொடாதேம்மா, எனக்கும் காய்ச்சல் வந்துடும்னா," என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை, மறந்துவிடும் என்று சேர்த்துக்கொண்டாள். சக்கரத்தின் மேல் தேங்கியிருந்த நீரைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

சுருக்கு நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் ஒரு சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் நோட்டை மூடியிருக்க மாட்டார்.

நான் அக்காவை நினைத்தேன். நாளைக்கு அவள் வீட்டுக்கு நானே போக வேண்டும். அந்த மருத்துவரையும் கூப்பிட்டுக்கொண்டு போக வேண்டும்; வருவார் என்றுதான் தோன்றியது, அவருக்கும் அங்கே சொல்ல ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் போயிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓடிவரக் கூடாது. அவள் இதுவரை அழாத அழுகை எப்போது வருகிறதோ அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும். இவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது, ஆனால் அதை நான் கேட்க முடியாது. அக்கா என்னை மன்னிக்க மாட்டாள். அது பரவாயில்லை.

ஆனால் அந்தக் குழந்தை வளரும். பத்து வயதில், இருபது வயதில், யாருக்கும் சொல்லாமல், அம்மாவின் கை வரும்போதெல்லாம் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஏன் என்று அதற்கே தெரியாது.

"பாப்பா மறக்க மாட்டாம்மா," என்றேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை.

"ஒண்ணும் கிடைக்கலைன்னு ஒரு வரிங்க. வேற எதுவும் நான் கேக்கல. அண்ணியைக் காப்பாத்திக் குடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

பத்துத் தாள்களும் மேஜையில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தன. நான் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை மடித்து அவள் பக்கமாகவே நகர்த்தி வைத்தேன்.

"அந்த வரியை நான் எழுத மாட்டேம்மா," என்றேன்.